மஸ்கா தடவத் தெரியுமா?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வலது பக்கம். கால் ஓரளவு தேறிவிட்டது, கைதான் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

நாலாவது மாதம், மும்பை தாராவியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மராத்திப் பெண் வந்தார். ஆக்குபேஷனல் தெரபியில், அதாவது அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கும் சிகிச்சையில், முதுகலை படிக்கிறவர், தீசிஸுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். கையில் பார்தெல் இண்டெக்ஸ் என்ற மதிப்பெண் தாள். அன்றாட வேலைகளை நோயாளி எவ்வளவு தூரம் தானாகச் செய்கிறார் என்று அளப்பது. 1965-ல் அமெரிக்காவின் மேரிலாண்டில் வெளியானது, இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. பத்துக் கேள்விகள், மொத்தம் 100.

சாப்பிடுவதைப் பற்றிய கேள்வியில், உணவை நறுக்கவும் வெண்ணெய் தடவவும் உதவி தேவைப்பட்டால் 5, தானாகவே சாப்பிட்டால் 10 என்று இருந்தது. அந்தப் பெண் அதை, வெண்ணெயை மஸ்கா என்று சொல்லி, இந்தியில் கேட்டார். அம்மா என்னைப் பார்த்து, "மஸ்காவா? நான் எந்தக் காலத்துல மஸ்கா தடவுனேன்?" என்றாள்.

சிரித்துவிட்டோம். அப்புறம்தான் உறைத்தது. அம்மா அப்போது இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தானாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாளின் கணக்குப்படி 10-க்கு 10. ஆனால் பீச்சாங்கையால் சாப்பிடுகிற அவமானத்தில் அவள் யார் முன்னாலும் வாய் திறப்பதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

மற்றதும் அப்படித்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற முடியுமா என்று ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது, பாயிலிருந்து எழுவதுதான் அவளுக்குப் பெரிய வேலை. படி ஏற முடியுமா என்று இன்னொன்று. எங்கள் வீட்டில் கீழறைக்கும் மேலறைக்கும் நடுவே நிற்பது செங்குத்தான இரும்பு ஏணி. ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நாலு மரப்படியில் ஏறிக் காட்டிப் பாராட்டு வாங்கியவள், இந்த ஏணியின் இரண்டாவது கம்பியில் காலை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

தாளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எல்லா ஊரிலும் ஒரே அளவுகோல் இருந்தால்தான் ஒப்பிட முடியும், சரி. ஆனால் இந்த ஆக்குபேஷனல் தெரபிப் படிப்பு நம் நாட்டில் தொடங்கியதே இந்த மும்பையில்தான். அமெரிக்காவில் பிறந்து இந்தியருக்கு வாழ்க்கைப்பட்ட கமலா நிம்ப்கர், 1950-ல் பரேலில் உள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியைத் தொடங்கினார். எழுபத்தைந்து வருஷம் ஆகியும், இதே ஊரில் வீட்டுக்கு வருகிற தாள் முதலில் கேட்பது மஸ்காவைப் பற்றித்தான் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கையால் சோறு தின்பது லேசான வேலையா? பிசைய உள்ளங்கை விரியணும், விரல்கள் மடங்கணும், நாலு விரலும் சேர்ந்து கவளத்தை ஏந்தணும், மணிக்கட்டு வாய்ப்பக்கம் திரும்பணும், கடைசியில் கட்டைவிரல் உள்ளே தள்ளணும். ரசஞ்சோறு என்றால் ஒழுகாமலும் இருக்கணும். ஒரு முனைவர் பட்டத்துக்கான வேலை இதற்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது தடவை அந்தப் பெண் வேறொரு தாளோடு வந்தார். அது கனடாவில் உருவாக்கியது. (வெளிநாட்டுத் தாள் என்பது என் புகார் இல்லை என்று இப்போது புரிந்திருக்கும்.) இதில் கேள்விப் பட்டியல் கிடையாது. எது முடியாமல் கஷ்டப்படுகிறீர்கள் என்று நோயாளியே சொல்லணும். அது எவ்வளவு முக்கியம், இப்போது எப்படிச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரே மார்க்கும் போடணும். அம்மா யோசிக்கவே இல்லை. "சோறு பெசஞ்சு திங்கணும்." முக்கியம் 10. திருப்தி? "முட்டை." முட்டை போட முடியாது ஆன்ட்டி, ஒன்றிலிருந்துதான் ஆரம்பம் என்றார் அந்தப் பெண். பத்து நிமிஷம் பேரம் நடந்தது.

இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் குற்ற உணர்ச்சியைக் குறைத்தது. பக்கவாத நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு வீட்டு ஆட்களும் பயிற்சி கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்த பிரிவிலும் வழக்கமான சிகிச்சைப் பிரிவிலும் இறந்தவர்கள், பிறர் துணையில் இருந்தவர்கள் சேர்த்து அதே 47 சதவீதம். பலன் இல்லை என்பதை மறைக்காமல் எழுதினார்களே, அதற்கே கும்பிடு போடலாம். "வீட்டுல நீங்கதான் பாத்துக்கணும்" என்று அனுப்பிவிடுகிறவர்கள் இதைப் படிக்கணும். வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வந்து அம்மா கையை நீட்டி மடக்கிவிட்டவன் நான். பிள்ளைப் பாசம் வேறு, தெரபிஸ்ட் வேறு.

தீசிஸ் முடிந்தது. அதில் என்ன வந்தது என்று யாரும் எங்களிடம் வந்து சொல்லவில்லை. அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குப் பரீட்சை. ஆனால் கையெழுத்து வாங்க நாலு பக்கப் படிவம் கொடுத்த கல்லூரி, முடிவைச் சொல்ல ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம். இந்தியில் இருந்தாலும் போதும், நான் படித்துச் சொல்லிக்கொள்வேன்.

அவர் சொல்லிக்கொடுத்த சப்பாத்தி மாவுப் பயிற்சியை மட்டும் அம்மா விடவில்லை. போன ஞாயிறு தட்டில் ரசஞ்சோறு போட்டுக்கொண்டு வலது கையை உள்ளே விட்டாள். பாதி தரையில். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அந்தப் பக்கம் திரும்பி உக்காருல" என்றாள்.

திரும்பி உட்கார்ந்தேன்.