அடுப்பு சரி, சாம்பல்?

நேற்றுக் காலை சுங்கை சிப்புட்டில் வழக்கமான கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவோடு நம் மலேசியா போடப்போகும் அணுசக்தி ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தது. எதிரே ஒரு பெரியவர், முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். கடைசித் துண்டுத் தோசையால் சாம்பாரைத் துடைத்தபடியே கேட்டார்: "அடுப்பு வாங்குறான், சரி. சாம்பல எங்க தம்பி கொட்டுவான்?"

அடுப்பு என்று அவர் சொன்னது அணு உலையை, சாம்பல் என்றது எரிந்து முடிந்த எரிபொருளை. அந்தக் கேள்வி ராத்திரிவரை மண்டைக்குள் ஓடியது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

2025 ஜூலை 10 அன்று கோலாலம்பூரில் நம் வெளியுறவு அமைச்சர் முகமட் ஹசானும் அமெரிக்காவின் மார்கோ ரூபியோவும் கையெழுத்திட்டது ஒரு புரிந்துணர்வுக் குறிப்பில்தான். அதற்கடுத்த படிதான் '123 ஒப்பந்தம்'. 1954-ஆம் ஆண்டு அமெரிக்க அணுசக்திச் சட்டத்தின் 123-ஆவது பிரிவின்படி போடுவது அது. அதில்லாமல் அமெரிக்க உலையும் எரிபொருளும் வெளிநாட்டுக்குப் போகாது. சிங்கப்பூர் 2024-லேயே போட்டுவிட்டது, அங்கே ஓர் அணுமின் உலைகூடக் கிடையாது. அதனால், நாளைக்கே பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உலை முளைக்கும் என்று வாட்சாப்பில் பரப்புகிறவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கலாம்.

நான் மின்சாரத்துக்கு எதிரி இல்லை. லயத்து வீட்டில் வளர்ந்தவன். ராத்திரி பத்து மணிக்குத் தோட்டத்து இன்ஜினை நிறுத்துவார்கள். நிறுத்துமுன் லைட்டு ஒருமுறை மினுக்கும். உடனே நான் புத்தகத்தை மூடுவேன், அம்மா மண்ணெண்ணெய் விளக்கைத் தேடுவார். இன்றைக்கும் நம் பேராவின் மஞ்சோங் மின்நிலையத்தில் கப்பலில் வந்த நிலக்கரிதான் எரிகிறது. அதற்கு மாற்று தேடுவதில் தப்பே இல்லை.

என் உறுத்தல் வேறு. இந்த மாதிரி ஒப்பந்தத்தில், வாங்கிய எரிபொருளைச் செறிவூட்டவோ (யுரேனியத்தின் வீரியத்தைக் கூட்டவோ), எரிந்து முடிந்ததைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தவோ அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். அமீரகம் 2009-ல் இரண்டையுமே செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. குண்டு செய்யும் வழியை அடைக்கத்தான் இது, அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: சாம்பலை என்ன செய்யலாம் என்பதில் விற்றவனுக்கும் சொல் உண்டு, வைத்துக் காவல் காப்பது மட்டும் நம் தலையில்.

காவல் என்றால் என்ன என்று பேராக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஈப்போவுக்குத் தெற்கே புக்கிட் மேரா. அங்கே இருந்தது அணு உலை இல்லை, அருமண் தாது பிரிக்கும் தொழிற்சாலை. ஈய மணல் கழிவிலிருந்து தாது, அதிலிருந்து கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த கழிவு. பாப்பான் கிராமத்துக்காரர்கள் 1984-ல் எங்கள் பக்கம் கொட்டாதே என்று மறித்தார்கள். அடுத்த வருஷம் புக்கிட் மேரா மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-ல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 1993-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். பிறகு ஆலை மூடியது. ஆலை மூடினால் கழிவு மாயமாகிவிடுமா? சுத்தம் செய்யும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது.

இந்தியாவில் 2008-ல் இதே 123-க்காக இடதுசாரிகள் மன்மோகன் சிங் ஆட்சிக்கு ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். ஆட்சி தப்பியது, ஒப்பந்தமும் ஆனது. விபத்து நடந்தால் உலை விற்றவனும் பொறுப்பு என்று 2010-ல் சட்டம் வந்ததும் அமெரிக்க நிறுவனங்கள் தயங்கின. பதினைந்து வருஷம் கழித்தும் ஓர் அமெரிக்க உலை அங்கே எழும்பவில்லை. (கூடங்குளம் ரஷ்யாக்காரனுடையது. அதை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.) பிலிப்பீன்ஸ் கதை இன்னும் மோசம். மார்க்கோஸ் காலத்து பத்தான் உலை ஒரு யூனிட் மின்சாரமும் தரவில்லை. அதன் கடனை மட்டும் 2007 வரை கட்டினார்கள்.

ஒப்பந்தம் போடட்டும், நான் தடுக்கவில்லை. கையெழுத்துக்கு முன்னால் மூன்று விஷயம் நாடாளுமன்றத்தில் எழுத்தில் வரட்டும். எரிந்த எரிபொருள் எந்த ஊரில் இருக்கும், எத்தனை வருஷம், காவலுக்கு எத்தனை வெள்ளி, அதை யார் தருவது. மூன்று என்றேன், நான்கு ஆகிவிட்டது.

எங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை அந்தக் கடைப்பக்கம் வந்தால் பெரியவர் மேசையில் உட்காரட்டும். தே தாரிக் என் கணக்கு.