ஷாட்கன்னுக்கு குறி பாக்க வேணாமா? அது தப்பு

"ஷாட்கன் இருந்தா குறியே பாக்க வேணாம், அந்தப் பக்கமா திருப்பி அமுக்குனா போதும், ரவை பரவி ரூமையே அடிச்சிடும்"னு ஒரு மெசேஜ் சுத்திக்கிட்டு இருக்கு. ஷாட்கன்னா, ஒரே தோட்டால இருந்து நிறைய சின்ன உலோகக் குண்டுங்கள, அதாவது ரவைய, ஒண்ணா விடுற துப்பாக்கி. வீட்டுப் பாதுகாப்புக்கு துப்பாக்கி வாங்குறவங்க இதை நம்பி பிராக்டீஸே பண்ணாம விட்டுடுறாங்க, அதான் எனக்கு பயமே.

ரவை பரவும்தான், ஆனா தூரம் போகப்போகத்தான் பரவும். பொதுவா சொல்ற கணக்கு மீட்டருக்கு ரெண்டரை, மூணு சென்டிமீட்டர், அப்போ 5 மீட்டர் ரூம்ல மொத்த ரவையும் ஏறக்குறைய 12-லிருந்து 15 சென்டிமீட்டர் அகலத்துக்குள்ளயே போய் விழும், சோக்கும் (குழல் முனையோட சுருக்கம்) தோட்டாவும் மாறுனா அது இன்னும் சுருங்கவும் செய்யலாம். குறி ஒரு சாண் தள்ளிப் போச்சுன்னா மொத்தமும் தள்ளித்தான் போகும். 12 கேஜ் (குழல் அகலத்தோட அளவு) டபுள் ஆட் பக்‌ஷாட் (பெரிய ரவை இருக்குற வகை) தோட்டால வழக்கமா 8 இல்ல 9 ரவை, ஒவ்வொண்ணும் 8 மில்லிமீட்டருக்கு மேல, தவறினது ஜிப்சம் போர்டு சுவரைத் துளைச்சிட்டு அடுத்த ரூம்ல தூங்குற பிள்ளை வரைக்கும் போகும்ங்க.

துப்பாக்கி சுடப் பழகுற ரேஞ்சுல பெரிய பேப்பர் ஒட்டி, உங்க வீட்ல இருக்குற அதிகபட்ச தூரத்துல நின்னு, நீங்க வைக்கப்போற அதே தோட்டாவை சுட்டுப் பாருங்க. ஓட்டைங்க எல்லாம் நடுவுல இருந்து எந்தப் பக்கம் கூடுதுன்னு அதுலயே தெரிஞ்சிடும். வேட்டைக்கும் இதேதான், ஒரே தோட்டா ரெண்டு துப்பாக்கில ரெண்டு விதமா பரவும், அதனால பறவை வழக்கமா எழும்புற தூரத்துல பேப்பர் வச்சுப் பாத்துட்டுப் போங்க.