ஒட்டு வேலை என்று சொன்னவருக்கு

சனிக்கிழமை கண்காட்சியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்களும் என் நண்பர்கள்தான். ஆகவே முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. நடுவராக வந்த பெரியவர், பிள்ளைகள் பழைய கார்ச் சாமான்களால் செய்த பகியை, அதாவது மணலில் ஓட்டும் திறந்த வண்டியை, ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "இது கண்டுபிடிப்பு இல்லை, ஒட்டு வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் எழுதுவதெல்லாம் அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான்.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன் என் அக்காவின் மகன். வண்டி உருவானது என் வீட்டு முற்றத்தில், மாமரத்துக்குக் கீழே. அதனால் "மருமகனுக்குப் பரிசு கிடைக்காத கோபம்" என்று சொல்வார்கள் என்பது தெரியும். சொல்லட்டும். பரிசு பெற்ற சிறுமி கெட்டிக்காரி. அவளுக்கு நானும் நின்று கைதட்டினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு கேள்வி. பதினாறு மாதம் பாடுபட்டவனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கலாம்.

என்ன கேட்டிருக்கலாம் என்று நான் சொல்கிறேன். "எஞ்சினை ஏன் பின்னுக்கு வைத்தாய்?" என்று கேட்டிருக்கலாம். அது ஒரு பழைய மாருதி 800இன் எஞ்சின். மூன்று சிலிண்டர், 796 சிசி. காரில் அது கியர்ப்பெட்டியோடு முன்பக்கத்தில் குறுக்காகக் கிடந்து முன்சில்லுகளைச் சுழற்றுகிறது. பிள்ளைகள் அந்த முழுத் தொகுதியையும் அச்சுகளோடு தூக்கிக்கொண்டுவந்து இருக்கைக்குப் பின்னால் வைத்தார்கள். மணலில் இழுக்கிற சில்லின்மேல் பாரம் இருக்க வேண்டும். எஞ்சினே அந்தப் பாரமாகிவிட்டால் நான்கு சில்லையும் சுழற்றும் சிக்கலான அமைப்பு எதுவும் தேவையில்லை. அப்படிக் கொண்டுவரும்போது தொகுதியை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்பது அடுத்த கேள்வி. அரைவட்டம் திருப்பி வைத்துவிட்டால் கியர்கள் எல்லாம் பின்னோக்கி ஓடும், முன்னுக்குப் போக ஒரேயொரு கியர்தான் மிஞ்சும். அவர்கள் அதை வைப்பதற்கு முன்பே கண்டுகொண்டார்கள். கடதாசியில் அம்புக்குறி போட்டு, சில்லைக் கையால் சுழற்றிப் பார்த்துக் கண்டுகொண்டார்கள்.

இன்னொன்று. காரில் முன்சில்லாக இருந்தது திரும்பும் சில்லு. பின்னுக்கு வந்தபின் அது திரும்பவே கூடாது. அதைத் திருப்பும் கைகளை நீளம் சரிசெய்யக்கூடிய தண்டுகளால் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் வளைவில் வண்டியின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். அந்தத் தண்டுகளின் நீளத்தில் சிறு பிழை இருந்தாலும் ரயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். மருமகன் அதற்காக நூல் கட்டி, குந்தியிருந்து, இரண்டு கிழமை அளந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது ஒட்டு வேலையா?

முன்பக்கம் ஒரு மொறிஸ் மைனருடையது. கோழி படுத்துக்கொண்டிருந்த கார். அதன் முன்சில்லுகளைத் தாங்குவது சுருள்வில்லும் இல்லை, தகட்டுவில்லும் இல்லை. காரின் நீளப்பாட்டுக்குக் கிடக்கும் ஓர் உருக்குத் தண்டு. சில்லு மேலே எழும்போது தண்டு முறுகும், முறுகல் விடும்போது சில்லு இறங்கும். அவ்வளவுதான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் அது. எழுபது ஆண்டு தாண்டியும் அந்தத் தண்டு முறுகி நிமிர்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்திருப்பதுதான் இந்த வேலையின் பாதி. அந்தக் காரில் எடுக்கக்கூடியது அதுதான் என்று பதினேழு வயதில் கண்டுபிடித்த பிள்ளைக்கு வேறு ஊரில் என்ன பெயர் வைத்திருப்பார்கள்?

"புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு. 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் கண்ணாடியிழையில் ஓர் உடல் செய்து, ஃபோக்ஸ்வாகன் பீற்றில் காரின் சாமான்களை அதில் பூட்டினார். அதன்பின் பீற்றிலின் அடித்தளத்தையே 36 சென்ரிமீற்றர் அளவில் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் அந்த உடலை வைத்தார்கள். மேயர்ஸ் மாங்ஸ் என்று பெயர். எஞ்சின் பீற்றிலுடையது, கியர்ப்பெட்டி பீற்றிலுடையது, சில்லைத் தாங்கும் முறுகு தண்டும் பீற்றிலுடையது. எஞ்சின் பின்னுக்கு இருந்தது, காற்றால் குளிர்ந்தது, ரேடியேற்றர் இல்லை. 1967இல் மெக்சிக்கோவின் பாஹா பாலைவனத்தில் நடந்த முதலாவது பெரும் ஓட்டத்தில் அப்படிப்பட்ட ஒன்றுதான் வென்றது. அவர் முதலில் செய்த வண்டி 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அங்கே வரலாறு, இங்கே ஒட்டு வேலை.

அவருடைய காப்புரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். வழக்கில் தோற்றார், எத்தனையோ பேர் அவருடைய வடிவத்தைப் பார்த்துச் செய்து விற்றார்கள். சட்டம் அதைக் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் இன்று உலகத்தில் மணலில் ஓடும் பகி என்று சொன்னால் கண்முன் வருவது அவர் செய்த வடிவம்தான். எனக்கு அது போதும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டவர்களைக் கோபிக்க மாட்டேன். அது நியாயமான கேள்வி. எனக்கும் இரவில் தூக்கம் வராத கேள்வி. வண்டியின் இரும்புச் சட்டம் கட்டுவதற்கு முதலில் சும்மா கிடைத்த தண்ணீர்க் குழாய்களைத்தான் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர்க் கராச்சில் இரும்பு ஒட்டுகிற (வெல்டிங் செய்கிற) ஐயா, அறுபது தாண்டியவர், அதைப் பார்த்ததும் ஒட்டுக் கோலைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணீர் போகிற குழாய்க்குள் உயிரை வைக்கக் கூடாது, தம்பி" என்றார். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயை ஒட்டினால் எழும்பும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், பூச்சைச் சுரண்டாமல் ஒட்டிய ஒட்டும் உறுதியாக இராது. அதன்பின் தையல் (நீளப்பாட்டு மூட்டு) இல்லாத உருக்குக் குழாய் வாங்கினோம். தலைக்கு மேலே வளைகிற பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீற்றர் விட்டம், இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பு. மற்றவற்றுக்கு 38. சர்வதேச மோட்டார் விளையாட்டு விதிகள் கேட்கும் அளவு அது. செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போனது. சூடாக்கினால் இரும்பின் பலம் மாறும் என்று குளிராகவே வளைத்தார்கள். நசுங்காமல் இருக்கக் குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி அடைத்தார்கள். முதல் இரண்டு வளையங்களும் பழுதாகின. மூன்றாவது சரிவந்தது.

பிரேக்கில் ஒரு தவறு நடந்தது, மறைக்க மாட்டேன். எஞ்சினோடு சேர்ந்து மாருதியின் பலமான முன்பிரேக்குகளும் பின்னுக்குப் போய்விட்டன. முன்னுக்கு வந்தவை மொறிஸ் மைனரின் பழைய பிரேக்குகள். முதல் பரிசோதனையில் பின்சில்லு முந்தி இறுகி வண்டி அரைவட்டம் சுழன்றது. அறுவடை முடிந்த வயல், ஆள் இல்லை, பிள்ளைகள் இருக்கைப் பட்டி கட்டியிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவே பின்னுக்குப் போகும் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைக்கிற வால்வைத் தேடத் தொடங்கினார்கள். பிழைவிட்டுக் காரணம் கண்டு திருத்தினார்கள். படிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்.

தெருவில் ஓட்டச் சட்டம் இடம் தராது என்பதும் தெரியும். தெருவில் ஒருநாளும் ஓட்டவில்லை. உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றித்தான் தரவை வெளிக்குக் கொண்டுபோனோம். மணற்காடு என்ற கடலோர ஊரின் மணல்மேடுகளைப் பற்றி ஒரு தங்கை கவலைப்பட்டு எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. அங்கே ஏறவில்லை, ஏறவும் விடமாட்டேன். மணலைப் பிடித்துவைத்திருப்பது அதில் முளைத்திருக்கும் பூண்டுதான், அதன்மேல் சில்லு போகக் கூடாது.

"படிக்கிற வயதில் கிறீஸ் பூசிக்கொண்டு திரிகிறார்கள்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

இல்லை, சொல்கிறேன். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரி வரைக்கும் தனியார் கார்களுக்குக் கதவு திறக்கவில்லை. அந்த ஐந்து ஆண்டும் உங்கள் கார் எப்படி ஓடியது? புதுக் கார் வந்ததா? கிறீஸ் பூசிய ஒருவன் பழைய இரும்புக் கடையில் ஒரு பாகத்தைத் தேடி எடுத்து, கடைச்சல் பட்டறையில் கொடுத்துச் சீவி, உங்கள் காருக்குள் பொருத்தியதால் ஓடியது. அன்றைக்கு அவன் கையை நீங்கள் கும்பிட்டீர்கள். வரிசையில் நின்று கும்பிட்டீர்கள். இன்று அதே கையைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

இதை எழுதும்போது அப்பாவின் நினைவு வராமல் இருக்காது. அப்பா ஒஸ்ரின் ஏ40 ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். 1990இல், போர்க்காலத்தில், அரசு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டதும் பெற்றோல் நின்றது. அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. எல்லோருக்கும் தெரிந்த கதை என்று கடந்துவிடாதீர்கள், அதற்குள் எவ்வளவு அறிவு இருந்தது என்று பாருங்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைச் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பழைய எஞ்சின்கள் கலவையைக் குறைவாக அமுக்குபவை என்பதால், கலவை தானாக வெடித்துத் தட்டாமல் ஓடின, இன்றைய கார் என்றால் தட்டியே உடைந்திருக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் ஓரமாக வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். அப்பா காலையில் ஒயில் கம்பியை இழுத்து விரல்களுக்கிடையில் தேய்த்து, மணந்து பார்ப்பார். இதையெல்லாம் அவருக்கு யார் படிப்பித்தார்கள்?

1995 ஒக்ரோபர் 30 இரவு அந்தக் காரில் அம்மம்மாவும் நாங்களும் அயல்வீட்டுப் பிள்ளைகளும் இருந்தோம். இராணுவம் நெருங்கியதால் ஊரைவிட்டு வெளியேறி, நாவற்குழிப் பாலம் நோக்கி முழு யாழ்ப்பாணமும் நடந்தது. நடக்கிறவர்களின் வேகத்துக்குத்தான் கார் போகலாம். காற்று இல்லை, ரேடியேற்றர் கொதித்தது. மழை பெய்தது. குடையைக் கவிழ்த்து மழைநீர் பிடித்தோம். பாதி எங்கள் வாய்க்கு, பாதி ரேடியேற்றருக்கு. கார் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அம்மம்மா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தா.

பின்னாளில் ஒரு கூட்டத்தில், படித்த மனிதர் ஒருவர், அப்பாவும் இருக்கும்போதே சொன்னார்: "தடைக்காலத்தில் எங்கள் ஆட்கள் செய்ததெல்லாம் வெறும் சமாளிப்பு. அதைத் தொழில்நுட்பம் என்று சொல்லக் கூடாது." அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சமாளிப்பு, ஒட்டு வேலை, கைவேலை. பெயர்தான் மாறுகிறது. வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்து, படத்தைப் பார்த்துப் பூட்டினால் அறிவு. பெட்டியே இல்லாமல், படமே இல்லாமல், துருவேறிய இரண்டு காரைப் பார்த்து மூன்றாவது ஒன்றை மனதில் கண்டால் அது அறிவாகாது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் விமானம் ஏறியபின் "இங்கே ஒருவனும் ஒன்றும் செய்கிறானில்லை" என்று மேடையில் பேசுவதும் இதே ஆட்கள்தான்.

நடுவர் ஐயா, உங்களை எனக்குத் தெரியாது. நீங்கள் கெட்டவர் என்றும் நான் சொல்லவில்லை. உங்களுக்கு நேரமில்லாமல் இருந்திருக்கலாம், பார்க்க நாற்பது மேசை இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் திரும்பியபோது அந்தப் பிள்ளை வாயைத் திறந்தான். விளக்கம் சொல்லத் தொடங்கினான். காணொளியில் அது தெளிவாகத் தெரிகிறது. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அவன் வாய் திறந்திருக்கிறது, உங்கள் முதுகு தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வண்டியைக் கழுவினான். கழுவி முடித்துவிட்டு, "மாமா, இதைக் கழற்றிவிடுவோமா? எஞ்சினுக்கு நல்ல விலை வரும்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "பிறகு பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்து வந்தபோது மூன்று பேரும் மாமரத்தடியில் இருந்தார்கள். வண்டிக்குக் கீழே ஒருவன் மல்லாக்கப் படுத்திருந்தான். இடப்பக்க அதிர்வுதாங்கியில் ஒயில் கசிகிறதாம்.

மொறிஸ் மைனரின் முன்பக்க அதிர்வுதாங்கி, ஒயில் நிரப்பிக் கையோடு வருகிற பழைய மாதிரி, இடப்பக்கத்துக்கு உரியது, யாருடைய வீட்டுக் கொட்டிலிலாவது கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். துருப் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, கை முறியாமல் இருந்தால் போதும். நானே வந்து கழற்றிக்கொள்கிறேன்.