பார்க்கிறாயா? பார்க்கிறேன்

தியானம் பழகுகிற நண்பர்கள் பலரிடம் ஒரு வழக்கத்தைப் பார்க்கிறேன், ரொம்ப வருத்தமாக இருக்கிறது. பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய்வந்திருப்பார்கள். காலையில் தவறாமல் உட்காருவார்கள். என்றாவது ஒருநாள் பிள்ளையிடம் எரிந்து விழுந்துவிட்டால் போதும், "இத்தனை வருஷம் உட்கார்ந்து என்ன பிரயோஜனம், நான் திருந்தவே மாட்டேன்" என்று வாரக்கணக்கில் தங்களையே திட்டிக்கொள்வார்கள். அப்படித் திட்டிக்கொள்வதும் பயிற்சியில் சேர்த்தி என்று நம்புகிறார்கள். பௌத்தத்துக்கும் இந்த நம்பிக்கைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தியானத்தை மறிக்கிற தடைகள் என்று புத்தர் ஐந்தைச் சொல்கிறார். காம ஆசை, பகை, சோம்பலும் மந்தமும், அலைபாய்தலும் செய்ததை நினைத்துப் புழுங்குவதும், கடைசியாகச் சந்தேகம். நான்காவதைக் கவனியுங்கள். செய்த தவறை நினைத்து நினைத்துப் புழுங்குவது, காமமும் பகையும் இருக்கும் அதே வரிசையில்தான் இருக்கிறது. அந்த மனம் காற்று அலைக்கழிக்கிற தண்ணீர் மாதிரி, எட்டிப் பார்த்தால் சொந்த முகமே தெரியாது என்கிறது புத்தர் உபதேசங்களின் தொகுப்புகளில் ஒன்றான சங்யுத்த நிகாயம். தன்னை வதைத்துக்கொள்பவருக்குத் தன் தவறுகூடச் சரியாகத் தெரிவதில்லை. தான் எவ்வளவு மோசமானவர் என்ற கதைதான் தெரிகிறது.

சரி, தவறு செய்தால் என்னதான் செய்வது? பிக்குகளின் வழக்கத்தைப் பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உபோசதம் என்னும் நோன்பு நாளில் கூடி, 227 விதிகள் கொண்ட பாதிமொக்கம் என்ற ஒழுக்க விதித் தொகுப்பை ஓதுவார்கள். அதற்கு முன்னால், விதி மீறியவர் இன்னொரு பிக்குவின் முன் அமர்ந்து இன்ன தவறு செய்தேன் என்று சொல்ல வேண்டும். "பார்க்கிறாயா?" என்று கேட்பார் அவர். "ஆம், பார்க்கிறேன்." "இனிமேல் கட்டுப்பாட்டோடு இரு." "நல்லது, அப்படியே இருக்கிறேன்." அவ்வளவுதான். (பெரிய குற்றங்களுக்கு நடைமுறை வேறு. சங்கத்தை விட்டே நீங்க வேண்டிய நான்கு குற்றங்களும் உண்டு.) ஏன் செய்தாய், எப்படி உனக்கு மனசு வந்தது, வெட்கமாக இல்லையா என்ற விசாரணை எதுவும் கிடையாது. அழுதால்தான் ஏற்போம் என்ற நிபந்தனையும் கிடையாது. கேட்பதெல்லாம் ஒன்றுதான், பார்க்கிறாயா? பிள்ளையிடம் கத்திய அப்பாவுக்கும் இது போதும் என்பது என் கருத்து. மறுநாள் பிள்ளையிடமே போய், "நேற்று நான் கத்தியது தப்பு, இனி கத்தாமல் இருக்கப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். வாரக்கணக்கில் முகம் சுருங்கிக் கிடக்கும் அப்பாவால் பிள்ளைக்கு என்ன லாபம்?

தன் மடமையை அறிந்த மூடன் அந்த அளவுக்கு அறிவாளி, தன்னை அறிவாளி என்று நினைக்கிறவனே உண்மையில் மூடன் என்கிறது தம்மபதத்தின் 63ஆம் பாட்டு. உரையில் இதற்கொரு கதை உண்டு. இரண்டு முடிச்சவிழ்ப்பவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகச் புத்தர் உபதேசம் செய்யும் சாவத்தி நகரத்து ஜேதவன மடத்துக்குப் போகிறார்கள். ஒருவன் உபதேசத்தில் மனம் பறிகொடுத்துத் திருட மறந்துவிடுகிறான். இன்னொருவன் யாரோ ஒருவர் மடியில் இருந்த காசை அவிழ்த்துக்கொள்கிறான். அன்றைக்கு அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது, முதலாமவன் வீட்டில் எரியவில்லை. "நீ ரொம்ப அறிவாளி ஆகிவிட்டாய், அதனால்தான் உலை வைக்கக்கூட வழியில்லை" என்று திருடியவனும் அவன் மனைவியும் கேலி செய்கிறார்கள். பாட்டில் வரும் மூடர்கள் இருவரும் இவர்கள்தான். தன்னைத் திருடன் என்று கண்டுகொண்டவன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உறவினர்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப ஜேதவனத்துக்கே போனான்.

அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு உபதேசத் தொகுப்பில் ஒரு கூற்று இருக்கிறது, எனக்கு மிகவும் முக்கியமானது. மூடர்கள் இரண்டு வகை. தவறைத் தவறென்று பார்க்காதவன் ஒருவன். இன்னொருவன், தவறை ஒப்புக்கொண்டு வருபவரை ஏற்காதவன். அந்த இரண்டாம் மூடன் அடுத்தவரிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றித்தான் அங்கே பேச்சு. ஆனால் தன் தவறை ஒப்புக்கொண்டுவிட்டு, அதன் பிறகும் தன்னை ஏற்க மறுக்கிறவரும் அந்த வகையில்தான் சேருகிறார் என்று நான் நினைக்கிறேன். ஒப்புக்கொள்பவரும் அவரே, கதவைச் சாத்துகிறவரும் அவரே.

இந்த இடத்தில் மகத அரசன் அஜாதசத்ருவைப் பேசாமல் இருக்க முடியாது. ஆட்சிக்காகத் தந்தை பிம்பிசாரரைக் கொன்றவன். மழைக்காலம் முடிந்த ஒரு பௌர்ணமி இரவில், மருத்துவன் ஜீவகனோடு அவனுடைய மாந்தோப்புக்குப் புத்தரைப் பார்க்கப் போகிறான். தோப்பை நெருங்கும்போது மயிர்க்கூச்செறிந்து, "என்னைப் பகைவரிடம் காட்டிக்கொடுக்கிறாயா? 1250 பிக்குகள் இருக்கும் இடத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லையே" என்று கேட்கிறான். உள்ளே அந்த அமைதியைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் வருகிற நினைப்பு, என் மகன் உதயபத்திரனுக்கு இந்த அமைதி கிடைக்க வேண்டும் என்பது. அப்பாவைக் கொன்றவன் மகனுக்காக ஏங்குகிறான். வாசிக்கும் ஒவ்வொரு முறையும் நான் இந்த வரியில் நின்றுவிடுகிறேன்.

உபதேசம் முடிந்ததும் ஒப்புக்கொள்கிறான். மூடனைப்போல, குழம்பியவனைப்போலத் தவறிழைத்தேன், அறவழி நின்ற தந்தையை ஆட்சிக்காகக் கொன்றேன் என்கிறான். புத்தர் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. பழியை, அவனைத் தூண்டிவிட்ட பிக்கு தேவதத்தன் மேல் தூக்கிப் போடவும் இல்லை. ஆமாம் மகாராஜா, மூடனைப்போலத்தான் தவறு செய்தீர் என்று அதே சொற்களைத் திரும்பச் சொல்கிறார். தவறைத் தவறென்று கண்டு முறைப்படி திருத்திக்கொள்வதால் ஏற்கிறோம், அப்படித் திருத்திக்கொள்வது இந்த நெறியில் வளர்ச்சி என்கிறார். அரசன் போன பிறகு பிக்குகளிடம், இவன் தன்னையே கெடுத்துக்கொண்டான், தந்தையைக் கொல்லாதிருந்தால் உண்மையைக் காணும் அறக்கண் இங்கேயே திறந்திருக்கும் என்றும் சொல்கிறார். இழப்பு இழப்புதான், அதை அவர் பூசி மெழுகவில்லை. தந்தை இறந்த நாளிலிருந்து தூக்கமே இல்லாதிருந்த அரசன் அதன் பிறகு தூங்கினான் என்று உரை சொல்கிறது. வினை தீரவில்லை, நரகம் காத்திருக்கிறது, ஆனாலும் தூங்கினான். பௌத்தம் தரக்கூடிய மன்னிப்பு இவ்வளவுதான், இது சின்ன விஷயமே இல்லை.

அப்படியானால் மன்னிப்பு மலிவாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. நாளந்தாவில் ஓர் ஊர்த்தலைவரிடம் புத்தர் சொன்னது அது. உயிர்க்கொலை செய்தது சரியில்லை, ஆனால் நான் எவ்வளவு வருந்தினாலும் செய்தது செய்யாததாகிவிடாது என்று ஒருவர் எண்ணுகிறார். எண்ணி, கொல்வதை நிறுத்துகிறார், இனியும் கொல்லாதிருக்கிறார். அதற்கு அப்புறம்தான் அன்பு நிறைந்த மனத்தை எல்லாத் திசைக்கும் பரப்புகிறார். முதலில் பார்ப்பது, பிறகு நிறுத்துவது, பிறகு அன்பு, இதுதான் வரிசை. "உன்னை நீ மன்னித்துவிடு, உன்னை நீ நேசி" என்று இப்போது எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். தன்னை வதைக்கிறவர் மேல் எனக்கு வருத்தம்தான். இப்படிச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் மேல் கோபமே வருகிறது, ஏனென்றால் அந்தப் பிள்ளை நாளைக்கும் திட்டு வாங்கும்.