மாப்பிள்ளை கேட்ட துப்பாக்கி

டல்லாஸில் இருக்கும் அக்கா மகன் நேற்று ராத்திரி வாட்ஸப்பில் கூப்பிட்டான். "மாமா, செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் ஒன்னு வாங்கோணுமுங்க, ஒன்னு சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறுமே, அதுங்க. செப்டம்பர்ல புறா வேட்டைக்கும் ஆகோணும், ஞாயித்துக்கிழமை கிளே, அதாங்க பறக்கவிடற தட்டு, சுடறதுக்கும் ஆகோணும். ஆயுசுக்கும் உழைக்கறதா எதுங்க?"

தாராபுரத்துப் பக்கம் மயில் வந்து நிலக்கடலையைக் கிளறிவிட்டுப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற ஆளிடம் வந்து கேட்கிறான் பாருங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தோடு நமக்கு வேட்டை முடிந்தது. செமி ஆட்டோமேட்டிக்கோ நம் ஆயுத விதிகளில் கட்டுப்பாட்டுப் பிரிவு. அப்பாரு பயிர்க் காவலுக்கு வைத்திருந்தது இரட்டைக்குழல் 12 போர்தான். மடக்கித் திறந்தால் இரண்டு ஓட்டை, அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்பி வரும்போது மட்டும் குழலில் துரு ஏறியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் அரை நாள் தேய்ப்பார்.

ஆனாலும் எனக்கு இதில் கருத்து உண்டு. இரண்டு வருஷம் முன்பு அங்கே போனபோது சுட்டுப் பார்த்தேன். விசிட் விசாக்காரன் அங்கே துப்பாக்கியைத் தொட வேட்டை லைசென்ஸ் வேண்டும், அதையும் எடுத்துக்கொண்டுதான். காலையில் ஒரு பெனெல்லி, மத்தியானம் ஒரு பெரெட்டா. இரண்டும் கம்பெனிப் பேர்.

சுடும்போது உண்டாகும் புகையில் கொஞ்சத்தைக் குழலில் இருக்கும் துளை வழியாக இழுத்து, பிஸ்டனைத் தள்ளி, காலித் தோட்டாவை எறிந்து அடுத்ததை ஏற்றுவது கேஸ் வகை. பெரெட்டா அது. உதைப்பின் விசையையே ஸ்பிரிங்கில் வாங்கி அதே வேலையைச் செய்வது இனர்ஷியா வகை. பெனெல்லி இது. புகை உள்ளே போகாததால் அழுக்குக் குறைவு, எடையும் குறைவு. சேற்றிலும் மழையிலும் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடை குறைந்தால் உதைப்பு கூடும். கிளேயில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. நான்கு சுற்றென்றால் 100 உதை. இரண்டாவது சுற்றிலேயே என் தோள் கன்றிப்போனது. போதாததற்கு, 24 கிராம் இலகுத் தோட்டாவைப் போட்டதும் உதைப்புப் பத்தாமல் இரண்டு தடவை காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. கேஸ் துப்பாக்கியில் அதே தோட்டா அலுங்காமல் ஓடியது.

அதனால் புறாவுக்கும் கிளேக்கும் சேர்த்து ஒன்றுதான் என்றால் கேஸ் வகை வாங்கு என்றேன். பெரெட்டா ஏ300 போதும், பழசாக இருந்தாலும் சரி. கடையில் தோளில் வைத்துப் பார், கன்னம் கட்டையில் தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடு. புறாவுக்குப் போகும்போது மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு போட மறக்காதே, அங்கே சட்டம் அது.

"உழைக்குமான்னு கேட்டனுங்க மாமா."

நான் அங்கே சுட்ட அன்றைக்குப் பக்கத்து வரிசையில் ஒருவர் ரெமிங்டன் 1100 என்ற கேஸ் துப்பாக்கி வைத்திருந்தார். 1963-இல் வந்த மாடல். திடீரென்று ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுக்க வேண்டியதாகிவிட்டது. கழற்றிக் காட்டினார், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், புகை கசியாமல் அடைக்கும் கருப்பு ரப்பர் வளையம், ஒரு பக்கம் வெடித்திருந்தது. பையிலிருந்து புதுசை எடுத்து மாட்டினார், ஐந்து நிமிஷத்தில் ஓடியது. கிணற்று மோட்டார் வாங்கும்போது இரும்பைத் தட்டிப் பார்த்தா வாங்குகிறோம்? வாசரும் பேரிங்கும் பக்கத்து டவுனில் கிடைக்குமா என்றுதானே முதலில் கேட்கிறோம்? துப்பாக்கிக்கும் அதையே கேள் என்றேன். கேஸ் வகையில் பிஸ்டனில் கரி ஏறும், சுட்டு வந்த அன்றைக்கே துடைக்க வேண்டும்.

"வாரா வாரம் தொடைச்சுருவனுங்க" என்றான். அவன் விட்டுப்போன டிவிஎஸ் 50 எங்கள் சாளையில் ஏழு வருஷமாகக் கோழி அடைய நிற்கிறது, அதை நான் சொல்லவில்லை.

காலையில் மெசேஜ்: "மாமா, எந்த எண்ணெய் போடறதுங்க?" துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை.