கண்டெடுத்த பிள்ளையும் வாட்ஸ்அப் குரூப்பும்

ரப்பர் தோட்டத்திலோ கோயில் நடையிலோ பச்சைப்பிள்ளை கிடந்ததாக நம் குமரி மாவட்டத்தில் சேதி வந்தால், பின்னாலேயே போட்டோ வந்துவிடுகிறது. கூடவே "வளர்க்க விரும்புகிறவர்கள் கூப்பிடவும்" என்று ஒரு நம்பர். நல்ல மனசுதான். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பிள்ளையைப் பாருங்கள். பசியைவிட அவசரம் குளிர். நல்ல வெயிலிலும் ஈர உடம்போடு கிடக்கும் பிள்ளைக்குச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். குளிப்பாட்டவே கூடாது. எறும்பைத் தட்டி, ஈரத்தை ஒற்றியெடுத்து, யாராவது ஒருவர் வெறும் நெஞ்சோடு அணைத்து, தலையும் மூட மேலே துணி போர்த்த வேண்டும். சர்க்கரைத் தண்ணி, தேன், பசும்பால் எதுவும் வேண்டாம்; துவண்டு கிடக்கும் பிள்ளைக்குப் புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும். தொப்புள்கொடியில் ரத்தம் கசிந்தால் சுத்தமான நூலால் இறுக்கிக் கட்டலாம். மஞ்சள், சாம்பல் வைக்காதீர்கள். நஞ்சு (பிரசவத்துக்குப் பின் விழும் நச்சுக்கொடி) இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிளேடைத் தேடாமல் அதையும் சேர்த்துப் பொதிந்து 108-இல் ஏற்றுங்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் தூரம் என்றால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி போதும்.

சுற்றியிருந்த துணியைத் தூர எறியாதீர்கள், அதுவும் தடயம். கொடியில் பிளாஸ்டிக் கிளிப் இருந்தால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் பிரசவம். தையல் நூலோ பிய்ந்த முனையோ என்றால் ஆள் துணையில்லாமல் பெற்றிருக்கலாம்; பெற்றவளும் எங்கோ ரத்தப்போக்கோடு கிடக்கிறாளோ என்று தேட வேண்டும். கமெண்டில் அவளை ஏசுகிறவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

வண்டி வருவதற்குள் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போயாக வேண்டும். பெற்றோரைத் தேடப் படம் வெளியிடுவது அவர்கள் வேலை. நாம் படம் போட்டால் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

"சித்தி மகளுக்குப் பிள்ளை இல்ல, குடுத்துருவோம்" என்பது அடுத்த வினை. முத்திரைத்தாளில் எழுதினாலும் அது தத்து ஆகாது. அதே சட்டத்தின் 80-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பிறப்புச் சான்றிதழுக்காக ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று என்று போகும். மாட்டினால் 'அம்மா' என்று கூப்பிடப் பழகிய வயசில் பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோவார்கள். நேர்வழியில் 'காரா' (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) தளத்தில் பதிந்து, வீட்டாய்வு முடித்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பு வருஷக்கணக்கில் இழுக்கும்தான், மறுக்கவில்லை. 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது என்பதால் தள்ளிப்போடாமல் பதியுங்கள். இப்போது தத்து உத்தரவு தருவது கலெக்டர்.

வளர்க்க வழியில்லாத தாய்க்கும் சட்டத்தில் வாசல் இருக்கிறது. கல்யாணம் ஆகாதவளும் குழு முன் எழுதிக்கொடுத்துப் பிள்ளையை ஒப்படைக்கலாம். விவரம் வெளியே போகாது. மனசு மாறினால் 60 நாளுக்குள் திரும்பக் கேட்கலாம். வளர்க்க முடியாத பிள்ளையை விட்டுப்போக திருவனந்தபுரத்தில் 2002-இலிருந்து 'அம்மத்தொட்டில்' என்ற தொட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1992-லேயே சேலத்தில் இதே மாதிரி தொட்டில் குழந்தைத் திட்டம் வந்துவிட்டது. ஒப்படைக்கும் வழியையும் 1098-ஐயும் எழுதிய ஒரு தாளை நம்மூர் ஸ்கேன் சென்டர்களிலும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டலாமே. யாரும் பார்க்காமல் நின்று படிக்க அதுதான் தோதான இடம்.