நூறு ரூபாய்க்குப் போடுகிறவள் சொல்வது

வெள்ளிக்கிழமை பெட்ரோல் பங்கில் என் டூவீலருக்கு நூறு ரூபாய்க்குப் போட்டபோது நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. என்ன மிச்சம் பிடித்தாலும் பெட்ரோலுக்கு எவ்வளவு போகிறது என்று சேர்த்து அன்றைக்கே ஒரு பதிவாக எழுதிவிட்டேன், நீங்களும் படித்துவிட்டீர்கள். கார் கண்ணாடியை இறக்கி, "நூறு ரூபாய்க்குப் போடறவங்களுக்குத் தனி லைன் வைங்கப்பா, டைம் வேஸ்ட்டு" என்று பங்க் பையனிடம் சொன்ன அந்த மனிதரை நான் மன்னித்துவிட்டேன். அவர் யாரோ, எவரோ. ஆனால் பதிவுக்குக் கீழே வந்து எனக்குப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பாடம் எடுத்தீர்களே, நீங்களெல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். அதுதான் மூன்று நாளாக உறுத்துகிறது.

முதலில் ஒரு விஷயம். நூறு ரூபாய்க்குப் போடுகிறவளுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கு எழுதித்தான் எனக்குச் சம்பளம். அவிநாசி தாண்டி இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திருப்பூர் கம்பெனிக்கு 19 கிலோமீட்டர். போக வர 38. என் வண்டி லிட்டருக்கு 42 கொடுக்கிறது. லிட்டர் 101 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 91 ரூபாய் சொச்சம். மாதம் 26 நாள் வேலை. கிட்டத்தட்ட 2,400 ரூபாய். சம்பளம் 17,500. ஏழு நாள் உழைத்தால் அதில் ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு டேங்கில் ஊற்றப்படுகிறது. முதல் வாரத்தில் நானும் ஐந்நூறுக்குப் போடுகிறவள்தான். 27-ஆம் தேதி கையில் இருப்பது நூறு, போட்டது நூறு. இதில் டைம் வேஸ்ட் பண்ணியது யார்?

சரி, பாடத்துக்கு வருகிறேன். கோயமுத்தூரில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன், அண்ணன், ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்டு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். நாற்பது பேர் அதற்கு ஹார்ட்டின் போட்டிருக்கிறீர்கள். நான் எழுதிய பதிவுக்குக்கூட அத்தனை ஹார்ட்டின் விழவில்லை.

'விடியற்காலையில் போடு, குளிரில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும்.' அண்ணா, பங்க் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது. மேலே அக்னி நட்சத்திரம் கொளுத்தினாலும் ஒரு ராத்திரியில் கீழே அப்படி ஒன்றும் மாறிவிடாது. 'இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டு.' எங்கள் ரோட்டில் இறக்கம் என்று இருப்பது பாலத்தின் இறக்கம் ஒன்றுதான். இன்ஜினை அணைத்து உருட்டினால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். 'நூறு, இருநூறு என்று ரவுண்டாகப் போடாதே, மெஷினில் செட் பண்ணியிருப்பார்கள், நூற்றுப் பத்துக்குப் போடு.' இதையும் நம்பியவள்தான் நான். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பங்கில் அளவு கேனைக் கேட்டேன். முத்திரை போட்ட ஐந்து லிட்டர் கேன் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், யார் கேட்டாலும் அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்கலாம், அதைத் தாண்டினால்தான் தப்பு. பையன் சிரித்தான். மேனேஜர் கேனைக் கொண்டுவந்து, துடைத்து, கோடு வரை பிடித்துக் காட்டினார். அளவு சரியாக இருந்தது. என் மானம்தான் கொஞ்சம் சிந்திப் போனது. இருந்தாலும் சொல்கிறேன், சந்தேகம் வந்தால் கேளுங்கள். நூற்றுப் பத்துக்குப் போடுவதைவிட அது உருப்படியான வேலை.

பட்டியலில் எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். டயரில் காற்றைச் சரியாக வைக்கச் சொன்ன விஷயம் உண்மை. என் வண்டிக்கு முன்னால் 22, பின்னால் 29. சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் பிடிக்கிறேன். பிடிக்கிறேன் என்றால், நான் போகும் பங்கில் இலவசக் காற்று மெஷின் மேல் ஒரு அட்டை தொங்குகிறது, 'பழுது' என்று. அட்டை பழசாகி, எழுத்து மங்கி, யாரோ அதன் மேல் மறுபடி பேனாவால் எழுதியிருக்கிறார்கள். இலவசமாகக் காற்றுப் பிடிக்க வசதி வைப்பது பங்கின் கடமை என்று சட்டம் பேசலாம்தான். பேசிக்கொண்டு நின்றால் இருட்டிவிடும். பக்கத்துப் பஞ்சர் கடையில் பத்து ரூபாய் கொடுத்துப் பிடிக்கிறேன்.

இன்னொன்று, இது நானே கண்டுபிடித்தது. போன வருஷம் வண்டி 37-தான் கொடுத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் அண்ணன் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். ஒரு சுற்றுக்கூட முழுசாகச் சுற்றவில்லை, சர்ர் என்று உரசி நின்றது. "அம்மணி, பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஒரு வருஷமா ஓட்டியிருக்கீங்" என்றார். லூஸ் பண்ணி, ஃபில்டரைத் தட்டிப் போட்டதும் 42 வந்தது. மாதம் 300 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன்: நடு ஸ்டாண்டில் போடுங்கள், பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், லேசாகச் சுற்றுகிறதா பாருங்கள். ஐம்பதுக்குள் ஓட்டுங்கள். குமார் நகர் சிக்னலில் நம்பர் அறுபதுக்கு மேல் காட்டினால் ஆஃப் பண்ணுங்கள். இதையெல்லாம் நான் செய்கிறேன். செய்துகொண்டேதான் 2,400 ஆகிறது. இதைத்தான் அந்தப் பதிவிலும் எழுதியிருந்தேன், பாதிக்கு மேல் யாரும் படிக்கவில்லை போல.

நாங்கள் மிச்சம் பிடிக்காமல் இருக்கிறோம் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

எங்கள் அப்பா தறி ஓட்டினார். டிவிஎஸ் 50 வைத்திருந்தார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மாட்டார், கேட்பார். வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, டேங்கில் காதை வைப்பார். களக் களக் என்றால் மார்க்கெட் போய் வரலாம். சளக் என்று ஒரு சத்தத்தோடு நின்றால் மில் வரைக்கும்தான். அப்புறம் வழியில் நின்றால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, எடுத்து நிறுத்தி, இன்னும் அரைக் கிலோமீட்டர் வாங்குவார். தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைப்பார். அந்தத் தாள்கள் ஒரு கம்பியில் குத்தித் தொங்கும். மிச்சம் பிடிப்பது எப்படி என்று எனக்கு யாரும் நம்பர் போட்டுச் சொல்ல வேண்டாம், நான் அந்தக் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து படித்தவள்.

'எலக்ட்ரிக் வண்டி வாங்கு' என்று எழுதியவர்கள் பதினோரு பேர். எண்ணினேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 38 கிலோமீட்டருக்கு இரண்டு யூனிட்கூட ஆகாது, எங்கள் வீட்டு ஓனர் வாங்கும் யூனிட்டுக்கு 9 ரூபாய் கணக்கிலும் இருபதுக்குள் முடிந்துவிடும். 91 எங்கே, 18 எங்கே. ஆனால் லைன் வீட்டில் நான்கு குடித்தனத்துக்கு நடுவில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது? ஓனரிடம் கேட்டுப் பார்த்தேன். "வயர் இழுத்துத் தீப்பிடிச்சா யாரு பொறுப்பு" என்றார். வண்டி விலை ஒரு லட்சத்தைத் தொடுகிறது, மாதத் தவணை பெட்ரோல் செலவைவிட அதிகம். சொந்த வீடும் போர்ட்டிகோவும் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். நீங்கள் வாங்கினால் பங்கில் எனக்கு லைனாவது குறையும்.

'ஷேர் பண்ணிப் போ.' போனேன். பக்கத்து டேபிள் அக்கா ஒருவர் ஒன்றரை வருஷம் பின்னால் உட்கார்ந்து வந்தார், மாதம் அறுநூறு கொடுத்தார், அது பெரிய உதவி. கம்பெனி மாறிப் போய்விட்டார். பேச்சுத் துணையும் போய்விட்டது.

'அரசியலை இழுக்காதே, உலகச் சந்தை விலை ஏறுகிறது, யார் என்ன செய்ய முடியும்?' இதைச் சொன்னவர் படித்தவர், அதனால்தான் கோபம் வருகிறது. 2020 ஏப்ரலில் உலகமே முடங்கிக் கிடந்தபோது அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அப்போது பங்கில் விலை பாதியானதா? அந்த மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாய், மே மாதம் இன்னொரு 10 ரூபாய் என்று மத்திய அரசு வரியை ஏற்றியது. அப்போது கலால் வரி லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசு ஆனது. குறைந்த பணம் நம் கைக்கு வரவே இல்லை. அடுத்த வருஷம் கச்சா எண்ணெய் ஏறியபோது மட்டும் அது நேராக நம் கைக்கு வந்தது, நூறைத் தாண்டி. 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதம் 8 ரூபாயும் வரியைக் குறைத்தார்கள், மறுக்கவில்லை. ஏற்றிய பதின்மூன்றைத்தான் இரண்டு தவணையில் இறக்கினார்கள்.

உடனே இன்னொரு கோஷ்டி கை தட்ட வேண்டாம். 2021 தேர்தலில் மாநிலத்தில் திமுக சொன்னது பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்பு. ஆகஸ்டில் குறைந்தது 3 ரூபாய். குறைத்த பிறகும் மாநில வரி 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. ஜிஎஸ்டிக்குள் பெட்ரோலைக் கொண்டுவருவதில் இரண்டு பக்கமும் அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஒரே நாடு ஒரே வரி, பெட்ரோலுக்கு மட்டும் ஆளுக்கொரு கை.

இதற்கு நடுவில் எத்தனால் வேறு. கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கும் ஆல்கஹால் அது, பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கிறார்கள். கரும்பு விவசாயிக்கு நல்லது என்றால் எனக்கும் சந்தோஷம்தான், அம்மா வழியில் நாங்களும் கரும்பு வெட்டிய குடும்பம். ஆனால் என் வண்டி 2018 மாடல். இந்த மாதிரி பழைய இருசக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று மத்திய அரசின் நிதி ஆயோக் வெளியிட்ட 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. அதற்கும் சேர்த்து மாதம் எண்பது, தொண்ணூறு ரூபாய் என்னுடையது. ஐந்தில் ஒரு பங்கு வேறு சரக்கு, விலையில் மட்டும் தள்ளுபடி இல்லை.

இன்னொன்றும் அந்தக் கார்காரருக்கு. 2014-இல் பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாட்டில் விற்ற பெட்ரோலில் 61 சதவீதம் இருசக்கர வண்டிகளுக்குத்தான் போனது. கார்களுக்கு அதில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்தப் பெட்ரோல் பங்க் ஓடுவதே நூறுக்கும் இருநூறுக்கும் போடுகிறவர்களால். தனி லைன் வைப்பதானால் அவருக்கு வைக்கட்டும்.

இப்போது பட்டியலின் பத்தாவது நம்பர். இதை எழுதக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன்.

'லேடீஸுக்குத்தான் ஓசி பஸ் விட்டிருக்காங்களே, அதுல போக வேண்டியதுதானே.' பின்னால் ஒரு சிரிக்கிற பொம்மை.

அண்ணா, 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மை. எங்கள் கம்பெனியில் டைலர் அக்காக்கள் பாதிப் பேர் அதில்தான் வருகிறார்கள், அந்த மிச்சத்தில் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். அந்தத் திட்டத்தை நான் எங்கேயும் குறை சொன்னதில்லை. ஆனால் எங்கள் ஊர் ஸ்டாப்புக்குக் காலையில் 6.50-க்கு ஒன்று, அடுத்தது 9.20. எனக்கு வேலை எட்டரைக்கு. 6.50-ஐப் பிடிக்க வேண்டுமானால் குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்ற ஆள் இல்லை. ஷிப்மென்ட் இருக்கும் நாளில் ராத்திரி எட்டரைக்குத்தான் விடுவார்கள். அந்த நேரத்துக்கு அவிநாசி வரை பஸ் உண்டு, அதற்கப்புறம் ஐந்து கிலோமீட்டர் நடந்து வரட்டுமா? காலையில் எட்டு மணிக்கு ஒரு பஸ் விடட்டும், டிக்கெட் போட்டே விடட்டும். வண்டியை மூடி போட்டு நிறுத்திவிட்டு நான் போகிறேன். 'என்ன செய்யலாம்' என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில், இதை யாரும் நம்பர் போட்டு எழுதவில்லை. பஸ் கேட்டு மனு ஒன்று எழுதி, தெருவில் இருபத்தெட்டு கையெழுத்து வாங்கி, டிப்போவில் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. பதில் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஓசி என்ற சொல் எதற்கு? ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு அரசுக்கும் வரி கட்டிவிட்டு வருகிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை, காய்ச்சலில் போன நாளும் கட்டியிருக்கிறேன். ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது அந்தப் பத்தாவது நம்பரைப் படித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

சொந்தம் என்பதால் அங்கே ஒன்றும் எழுதவில்லை, லைக் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இந்தப் பதிவையும் நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும் அண்ணா. கோபம் வேண்டாம். பொங்கலுக்குக் கட்டாயம் வாங்க. காரை எடுக்காதீங்க, உங்கள் மூன்றாவது நம்பரில் சொன்னபடி சைக்கிளில் வாங்க, நாற்பது கிலோமீட்டர்தான், உடம்புக்கும் நல்லது. அண்ணி மூன்று டவுன் பஸ் மாறி வரட்டும். டிக்கெட் கிடையாது.